மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் மனுஷன் இல்லையா? பயிர் செத்த பணம் யாருக்குச் சொந்தம்?



இந்தத் துண்டறிக்கையை ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மகனையோ மகளையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடன் இல்லாதவர்களும் படிக்கவேண்டும். ஏனென்றால் இன்றைக்குக் கடன் இல்லாதவன் என்றால் அடுத்த மழை பொய்க்கிற வரைக்கும்தான்.

வேடசந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் நம் சங்கத்துக்கு வந்தார். பேர் வேண்டாம். ஏற்கெனவே ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் இருக்கிறார். இரண்டரை ஏக்கர் மானாவாரி. போர் போட்டார், தண்ணீர் இல்லை. இன்னொரு போர் போட்டார், புகைதான் வந்தது. சொசைட்டிக் கடன், வங்கிக் கடன், ஃபைனான்ஸ் கடன், கைமாத்து எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தது. இதற்கிடையில் மச்சான் வாங்கிய டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேறு. கடைசியில் வக்கீலைப் பிடித்து கோர்ட்டில் ஐ.பி. போட்டார். ஊர் பாஷையில் சொன்னால் மஞ்சக் கடுதாசி கொடுத்தார். கோர்ட்டும் இவர் நொடித்தவர் என்று உத்தரவு போட்டது.

அதற்கு முந்தின வருஷம் கருகிப்போன மக்காச்சோளத்துக்குப் பொது சேவை மையத்தில் தன் கையால் பிரீமியம் கட்டியிருந்தார். அந்தக் காப்பீட்டுப் பணம் ஆடி அசைந்து, கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் அவருடைய சேமிப்புக் கணக்கில் விழுந்தது. விழுந்த மூன்றாம் நாள் காணோம்! வங்கிக் கிளையில் கேட்டால், "நீங்க ஜாமீன் போட்ட டிராக்டர் கடனுக்கு வரவு வெச்சாச்சு. நீங்கதான் திவால் ஆயிட்டீங்களே, உங்களுக்கு எதுக்குங்க பணம்?" என்றார்கள். சேதி தெரிந்து ஃபைனான்ஸ்காரர் வந்து, "கோர்ட்ல எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றார்.

அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான். "வெள்ளாமை செத்தது என்னோடது. பிரீமியம் கட்டினது நான். விதைக்கு வாங்கின கடன் என் தலையில. வந்த பணம் மட்டும் எப்படிங்க எல்லாருக்கும் சொந்தமாச்சு?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் சட்டம் தெரிந்தவர்களிடம் போனோம். தெரிந்துகொண்டதில் நமக்குச் சாதகமானதும் இருக்கிறது, பாதகமானதும் இருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறோம். பொய்யான தைரியம் கொடுத்து அனுப்புகிற சங்கம் இது அல்ல.

வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்ன சொல்லுது?

நம்ம ஊர் கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி நடப்பது 1920-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி. மாகாண நொடிப்புச் சட்டம் என்று பேர். நூறு வருஷம் தாண்டிவிட்டது. 500 ரூபாய் கடன் இருந்து, கட்ட வழியில்லை என்றால் மனுப் போடலாம் என்கிறது அந்தச் சட்டம். அன்றைக்கு 500 ரூபாய்க்கு நிலம் வாங்கலாம். இன்றைக்கு ஒரு மூட்டை தீவனம்கூட வராது. அந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துத்தான் இந்தக் காலத்து விவசாயியை அளக்கிறார்கள்.

முதல் சங்கதி. கோர்ட் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தால், அவருடைய சொத்து கோர்ட்டின் கைக்கு, அதாவது ரிசீவர் கைக்குப் போகிறது. இது 28-ஆம் பிரிவு. சொத்து என்றால் நிலம், வண்டி மட்டுமில்லை. வரவேண்டிய பணமும் சொத்துதான். பயிர் செத்தது முன்னாடி, பணம் வந்தது பின்னாடி என்றாலும் அந்த உரிமை ரிசீவரிடம் போய்விடும். அது மட்டுமல்ல, உத்தரவு போட்ட தேதியிலிருந்து கணக்கு இல்லை. மனுக் கொடுத்த தேதியிலிருந்தே கணக்கு.

இரண்டாவது சங்கதி. அறிவிப்புக்கு அப்புறம், டிஸ்சார்ஜ் என்கிற விடுதலை உத்தரவு கிடைக்கும் வரைக்கும் நமக்கு வந்து சேருகிற சொத்தும் அதே ரிசீவரிடம்தான் போகும். விடுதலை உத்தரவுக்குப் பிறகு நாம் சம்பாதிப்பது நமது. பிற்பாடு போட்ட வெள்ளாமைக்கு வருகிற நஷ்டஈட்டில் பழைய கடன்காரன் கை வைக்க முடியாது. ஆனால் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய பாக்கியும், மோசடி செய்து வாங்கிய கடனும் விடுதலை உத்தரவாலும் தீராது. அது 44-ஆம் பிரிவு.

மூன்றாவது சங்கதி. கடன்காரர்கள் எல்லாருக்கும் வட்டியோடு முழுசாகக் கொடுத்து, கோர்ட் செலவும் போக மிச்சம் இருந்தால் அது நொடித்தவனுக்கே சொந்தம். இது 67-ஆம் பிரிவு. கடன் முழுக்கத் தீர்ந்தால் நொடிப்பு உத்தரவையே ரத்து செய்யக் கேட்கலாம்.

ஆக, நம்ம வேடசந்தூர்க்காரருக்குப் பதில் என்ன? அந்தப் பணத்தை அவர் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இது கசப்பான உண்மை. ஆனால் அந்த வங்கியும் எடுத்துக்கொள்ள முடியாது! அது பொதுக் கணக்கில் சேர்ந்து, சம்பளம் பாக்கி உள்ள கூலிக்காரன் முதற்கொண்டு எல்லாக் கடன்காரர்களுக்கும் முறைப்படி பிரியவேண்டிய பணம். கணக்கு நம்மகிட்ட இருக்கிறது, பட்டனைத் தட்டினால் முடிந்தது என்று ஒரே ஒருத்தர் வாரிச் சுருட்டுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. அதுவும் யாரோ வாங்கிய டிராக்டருக்கு! ரிசீவரிடம் மனுக் கொடுத்து, அந்தப் பணத்தைத் திரும்ப வரவு வைக்கச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறோம். சங்கம் கூடவே நிற்கிறது.

விதையைத் தொடாதே என்று சொன்ன சட்டம் எங்கே போச்சு?

இதே நாட்டில் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் 60-ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள். கடன்பட்டவன் விவசாயி என்றால், அவன் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதைத் தானியம், அவன் குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. நொடிப்புச் சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. ஜப்திக்கு விலக்கான பொருள் ரிசீவர் கைக்குப் போகாது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாமே அடமானம் எழுதிக் கொடுத்த சொத்துக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது.

61-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. அடுத்த அறுவடை வரைக்கும் நிலத்தை உழவும், குடும்பம் கஞ்சி குடிக்கவும் எவ்வளவு விளைச்சல் தேவையோ அவ்வளவையும் ஜப்தியிலிருந்து விலக்கி மாநில அரசு ஆணை போடலாம் என்கிறது.

வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, விதையையும் மாட்டையும் பிடுங்கினால் அடுத்த வருஷம் வரி வாங்க ஆள் இருக்காது என்று!

இப்போது நாங்கள் கேட்கிறோம். அந்தக் காலத்தில் விதைக் கோட்டை குதிரில் இருந்தது. இன்றைக்கு எந்த வீட்டில் குதிர் இருக்கிறது? மக்காச்சோள விதையைக் கம்பெனிப் பையில்தானே வாங்குகிறோம்? மாட்டுக்குப் பதில் டிராக்டர் வாடகைதானே கொடுக்கிறோம்? அப்படியென்றால் செத்த பயிருக்கு வருகிற காப்பீட்டுப் பணம்தான் இன்றைக்கு விதை. அதுதான் இன்றைக்கு ஏர். அதுதான் அடுத்த அறுவடை வரைக்கும் கஞ்சி. விதை நெல்லை ஜப்தி செய்யாதே என்ற சட்டம், அதே விதைக்கான பணத்தைக் கணக்கிலிருந்து உருவ விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாமா?

வறட்சி நிவாரணமும் இப்படித்தான். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என்றார்கள். மானாவாரிக்காரன் 3,000 ரூபாயில் என்ன மாளிகையா கட்டப் போகிறான்? அது உயிர் தரிக்கக் கொடுத்த பணம். அதைப் பழைய பாக்கிக்கு வரவு வைப்பது, பசித்தவன் இலையில் போட்ட சோற்றைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம்.

"வாங்கின கடனைக் கட்டவேண்டாமா?"

கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், மேனேஜரும் கேட்பார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிடுகிறோம்.

கட்டவேண்டும். நாங்கள் கட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்குக் கைமாத்துக் கொடுத்தவரும் பக்கத்துத் தோட்டத்து விவசாயிதான். களை எடுத்த கூலி பாக்கிக்கு நிற்பதும் நம்ம தாய்மார்கள்தான். அவர்கள் வயிற்றில் அடிக்கச் சங்கம் துணை போகாது. நிலத்தை மச்சினன் பேருக்கும், வீட்டை மனைவி பேருக்கும் எழுதி வைத்துவிட்டு மஞ்சக் கடுதாசி நீட்டுகிற ஆள் இருக்கிறார். அவருக்கும் ஒன்று சொல்கிறோம். இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கோர்ட் செல்லாது என்று சொல்லலாம். அப்படிப்பட்டவருக்காக நாங்கள் ஒரு தட்டிகூடத் தூக்க மாட்டோம்.

அந்தந்தப் பயிருக்கு வாங்கின கடனுக்கு அந்தந்தப் பயிரின் காப்பீட்டுப் பணத்தில் வங்கி பாத்தியதை கேட்கலாம். பயிரையே ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கடனை ஈடுள்ள கடன் என்று சட்டம் தனியாக வைக்கிறது. நிலம் அடமானத்தில் இருந்து, அந்த நிலத்தை ரோட்டுக்கோ கால்வாய்க்கோ அரசு எடுத்துக்கொண்டால், நஷ்டஈட்டில் அடமானத் தொகையை வங்கி கேட்கலாம். இதையும் மறைக்கவில்லை. ஆனால் அடமானத் தொகை அளவுக்குத்தான்! வங்கி எடுத்தது போக மிச்சத்துக்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை.

நாங்கள் சொல்வது இதுதான். கட்டுவதற்கு முதலில் மனுஷன் உயிரோடு இருக்கவேண்டும். நிலத்தில் ஏர் ஓடவேண்டும். சாகிற மாட்டில் பால் கறக்க முடியுமா?

கம்பெனிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம்!

2016-இல் டெல்லியில் புதிதாகத் திவால் சட்டம் கொண்டு வந்தார்கள். கம்பெனிகள் விஷயத்தில் அது அதே வருஷம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு துணிக் கம்பெனி. கடன்காரர்களுக்குக் கொடுக்கவேண்டியது ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். 2019-இல் சுமார் 5,000 கோடிக்குக் கணக்கை முடித்தார்கள். ஆறில் ஒரு பங்கு! மிச்சத்தை வங்கிகள் கைகழுவின. யாரும் எந்த மேனேஜரையும் பார்த்து "வாங்கின கடனைக் கட்டவேண்டாமா?" என்று டீக்கடையில் கேட்கவில்லை. கைகழுவுவதற்கு அழகான பேரும் வைத்தார்கள், முடிவெட்டு என்று. அவர்களுக்கு முடியை வெட்டுகிறார்கள். நமக்குக் கழுத்தை வெட்டுகிறார்கள்.

இதே 2016 சட்டத்தில் ஏழைக்கும் ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள், தெரியுமா? புதுத் தொடக்கம் என்று அதற்குப் பேர். வருஷ வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருந்து, சொந்த வீடும் இல்லையென்றால், அந்தக் கடனைத் தீர்த்து அவனைப் புதிதாக வாழவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு சரி! தனி மனிதர்களுக்கான அந்தப் பகுதியில், 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு உண்டானதை மட்டும் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். கூலிக்காரனுக்கும் சிறு விவசாயிக்கும் உள்ளது காகிதத்திலேயே கிடக்கிறது. முதலாளிக்கு 2016-இல் கதவு திறந்தாச்சு. நமக்கு 1920-ஆம் வருஷத்துத் திண்ணைதான்.

அதையும் நாளைக்கே திறந்தாலும் நம்மில் எத்தனை பேர் உள்ளே போக முடியும்? ஓட்டு வீடு ஒன்று சொந்தமாக இருந்தாலே தகுதி போச்சு. ஒரு போர் போடும் செலவே 35,000-ஐத் தாண்டுகிறது. ஆகவே அமல்படுத்து என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. திருத்தி அமல்படுத்து என்று கேட்கிறோம்.

தள்ளுபடி யாருக்கு? கட்டினவன் ஏமாளியா?

2006-இல் மாநில அரசு கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2008-இல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் மாநில அரசு தள்ளுபடி செய்தது. எல்லாருக்கும் கொடு என்று 2017 ஏப்ரலில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதற்கு நடுவில் 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு என்று அறிவிப்பு வந்தது. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும்!

கணக்குப் பாருங்கள். தாலிக்கொடியை அடகு வைத்து ஜனவரி 30-ஆம் தேதி சொசைட்டியில் கட்டினவனுக்கு ஒன்றும் இல்லை. நாணயமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அதுதான். கட்டாதவன் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவனும் இல்லாமல்தான் கட்டவில்லை. கட்டினவனையும் கட்டாதவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் மேல்தான் கோபம்.

2008 தள்ளுபடியின் லட்சணத்தை மத்திய தணிக்கைத் துறையே 2013-இல் போட்டு உடைத்தது. சோதித்துப் பார்த்த 90,576 கணக்குகளில் 20,206 கணக்குகளில் கோளாறு. சலுகை கிடைக்காதவர்களில் 9,334 கணக்குகளைப் பார்த்தார்கள். அதில் 1,257 பேர் தகுதி இருந்தும் பட்டியலில் விடுபட்டவர்கள். சலுகை பெற்ற 61,793 கணக்குகளைப் பார்த்ததில் 21,182 கணக்குகளில் தள்ளுபடிச் சான்று விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியே இல்லை. சான்று இல்லாதவன் நாளைக்குப் புதுக் கடன் கேட்டுப் போனால் என்ன சொல்வார்கள்? "பழைய பாக்கி இருக்கே" என்பார்கள். தள்ளுபடி பேப்பரில், பாக்கி தலையில்.

நம்ம திண்டுக்கல் மண்ணே சாட்சி!

நஷ்டஈடு யாருக்குச் சேரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நம்ம ஊரையும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இளைய தலைமுறைக்குத் தெரியாது, சொல்கிறோம்.

திண்டுக்கல் தோல் ஷாப்புக் கழிவுநீர் கிணற்றிலெல்லாம் இறங்கி, தண்ணீர் செம்பட்டையாகி, தென்னை பட்டுப்போன கதை பெரியவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போனதாகத் தெரிந்தது. இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் மக்கள் 1991-இல் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் போடச் சொன்னார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களை அந்த ஆணையம் கண்டுபிடித்து, பேர் எழுதி, நஷ்டத்தைக் கணக்குப் போடவேண்டும். கெடுத்தவனிடம் கலெக்டர் நிலவரிப் பாக்கியைப் போல வசூல் செய்து, பாதிக்கப்பட்டவன் கையில் கொடுக்கவேண்டும். இதுதான் உத்தரவு.

கவனியுங்கள். "பாதிக்கப்பட்டவன் பேரை எழுது, அவனுக்குக் கொடு" என்றார்கள். அவனுடைய பேங்க் கணக்கில் பாக்கி இருக்கிறதா, அவன் யாருக்கு ஜாமீன் போட்டான் என்று பார்க்கச் சொல்லவில்லை. நஷ்டஈடு என்பது நஷ்டப்பட்டவனை நிமிர்த்தி வைப்பதற்கு. இந்த நியாயத்தைத்தான் பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் நாங்கள் கேட்கிறோம்.

இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது. வழக்குப் போட்டதிலிருந்து தீர்ப்பு வரவே ஐந்து வருஷம். அதற்குள் கிணறு கெட்டவன் கடனாளி ஆகிறான், நிலத்தை விற்கிறான், மஞ்சக் கடுதாசி கொடுக்கிறான், செத்தும் போகிறான். நஷ்டஈடு தாமதமாக வந்தால் அது நஷ்டப்பட்டவனுக்கு வராது, அவன் கடன்காரனுக்குத்தான் வரும். தாமதம் செய்கிறவனே திருடுகிறவன்!

குத்தகைக்காரனும் விதவைத் தாய்மாரும்

பட்டா பெரியவர் பேரில், உழுவது குத்தகைக்காரன். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்காரரும் சேரலாம் என்று இருக்கிறது. ஆனால் அடங்கலில் பேர் ஏற வி.ஏ.ஓ. ஆபீசுக்கு எத்தனை நடை! எழுத்தில் குத்தகை இல்லை என்று நில உடைமையாளர் கைவிரித்தால், நஷ்டம் உழுதவனுக்கு, ஈடு பட்டாக்காரனுக்கு. குத்தகைப் பதிவுக்கு 1969-ஆம் வருஷத்துச் சட்டம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுங்கள் என்கிறோம்.

கடன்பட்ட கணவர் இறந்துவிட்டால் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடன். ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடாத மனைவியின் சொந்தக் கூலியையும், மகனின் மில் சம்பளத்தையும் அதற்காகப் பிடிக்க முடியாது. அப்பன் கடன் பிள்ளை தலையில் என்பது ஊர் வழக்கு. அப்பனுக்குப் பிள்ளை என்கிற ஒரே காரணத்துக்காகக் கடனைக் கேட்கும் பழைய முறையை 2005-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு எடுத்துவிட்டது.

இப்போதே செய்யவேண்டியது

1. மஞ்சக் கடுதாசி கொடுத்தவர்கள் வக்கீலிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள்: "என் டிஸ்சார்ஜ் மனுவுக்குக் கோர்ட் என்ன கெடு வைத்திருக்கிறது?" கெடுவுக்குள் மனுப் போடாவிட்டால் நொடிப்பு உத்தரவே ரத்தாகும் என்கிறது 43-ஆம் பிரிவு. பாதுகாப்பும் போய்விடும். ஐ.பி. நம்பர் விழுந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தூங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

2. காப்பீடு செய்த ரசீது, அடங்கல், சிட்டா, பாஸ்புத்தகம் இவற்றை ஒரே பையில் வையுங்கள். பாஸ்புத்தகத்தில் மாதம் ஒருமுறை வரவு செலவு பதியுங்கள். பணம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்று இருக்காதீர்கள்.

3. பிடித்தம் செய்திருந்தால் வாய்ப்பேச்சு வேண்டாம். எந்தக் கடனுக்கு, எந்த அதிகாரத்தில் பிடித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கி மேல் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடமும், சொசைட்டி மேல் கூட்டுறவு இணைப்பதிவாளரிடமும் போகலாம்.

4. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவசம். அது தர்மம் இல்லை, 1987-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமை.

நாங்கள் கேட்பது

மத்திய அரசே! பயிர்க் காப்பீட்டுப் பணத்தையும் இயற்கை இடர் நிவாரணத்தையும் விதைத் தானியத்தைப் போல ஜப்திக்கு விலக்கான பொருளாக அறிவித்துவிடு! விவசாயியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பழைய கடனுக்கோ ஜாமீன் கடனுக்கோ பிடிப்பதைத் தடை செய்!

புதுத் தொடக்கப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டு வா! வருமான, கடன் வரம்புகளை உயர்த்து! குடியிருக்கும் வீடும் சிறு நிலமும் இருப்பதால் தகுதி போகாது என்று திருத்து!

மாநில அரசே! 61-ஆம் பிரிவில் உனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்து! அடுத்த அறுவடை வரைக்கும் தேவையான விளைச்சலுக்கு விலக்கு ஆணை போடு!

தள்ளுபடி பெற்றவர் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டு! சான்றைக் கையில் கொடு! கெடு தேதிக்கு முன்னால் நாணயமாகக் கட்டியவருக்கும் ஊக்கத்தொகை கொடு!

மாவட்ட நிர்வாகமே! குத்தகை விவசாயிகளின் பேரை அடங்கலில் ஏற்று!

உழவர்களே! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று பாட்டன் சொன்னான். மிஞ்சாத கணக்கையாவது நம் கையால் எழுதுவோம். வெங்காயம் மார்க்கெட்டில் அழுகினபோது தனித்தனியாக அழுதோம். படைப்புழு 2018-இல் மக்காச்சோளத்தைத் தின்றபோது தனித்தனியாக மருந்தடித்தோம். ஜப்தி நோட்டீஸ் வந்தபோது ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்கும் அதே நோட்டீஸ் வந்தது நமக்குத் தெரியாது. நொடித்தவன் வெட்கப்படுகிறான். நொடிக்க வைத்தவன் மேடை ஏறி மாலை போட்டுக்கொள்கிறான். இந்த வெட்கத்தை முதலில் உதறுவோம்!

கலெக்டர் ஆபீசில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாளுக்கு அவரவர் பாஸ்புத்தகத்தோடு வாருங்கள். நத்தம், சாணார்பட்டி, வடமதுரை, குஜிலியம்பாறை, ஆத்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், எல்லாப் பக்கமும் இருந்து வாருங்கள். பிடித்தம் செய்த பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொண்டு வாருங்கள். பேச்சு வேண்டாம். அத்தனை பாஸ்புத்தகத்தையும் வரிசையாகக் கலெக்டர் மேஜையில் விரித்து வைப்போம். அந்தச் சிவப்புக் கோடே நமக்காகப் பேசும்.

செத்த பயிரின் பணம் செத்தவனுக்கு வாய்க்கரிசி அல்ல! இருக்கிறவனுக்கு விதை!

விதையைத் தொடாதே! விவசாயியை வாழவிடு!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
திண்டுக்கல் மாவட்டம்.